யுரேனியப் பிண்ணாக்கும் கரை கட்டியவன் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் அணுக்கழிவு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். எழுதியவர் சிரமப்பட்டுத் தகவல் சேர்த்திருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வரி மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. குறைந்த கதிர்வீச்சுக் கழிவு என்றால் கையுறை, துடைத்த துணி, பழைய குழாய். ஆழமில்லாத குழியில் புதைத்தால் சில நூறு ஆண்டுகளில் அடங்கிவிடும் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். கையுறைக்கும் துணிக்கும் அது சரிதான். அதே பெயரைச் சுமந்துகொண்டு, அதே மாதிரிக் குழிக்குப் போகக் காத்திருக்கும் யுரேனியத்துக்கு அது சரியில்லை. காத்திருப்பது கொஞ்சநஞ்சமும் இல்லை.

நான் அணு விஞ்ஞானி இல்லை. பொதுப்பணித் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் முக்கால்வாசிக் காலம் சிவகங்கைப் பக்கம் கண்மாய்க் கரையில் போனது. மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டுக் கரை உயர்த்துவதும், உயர்த்திய கரை மழைக்கு உடையாமல் இருக்க சாமி கும்பிடுவதும்தான் தொழில். மகன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறான். போன வருடம் பேரனைப் பார்க்கப் போய் ஆறு மாதம் தங்கினேன். அப்போதுதான் இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை உப்பு வெளியைக் காட்டுகிறேன் என்று மகன் மேற்கே காரில் கூட்டிப்போனான். வலது கையில் பெரிய உப்பு ஏரி. அழுகின பாசி வாடை கார்க்கண்ணாடி ஏற்றியிருந்தும் உள்ளே வந்தது. ஏரி முடிந்ததும் ஒரே தரை. மரமில்லை, மாடில்லை, பக்கத்தில் சரக்கு ரயில் பாதை மட்டும் கூடவே வருகிறது. ஒன்றேகால் மணி நேரம் போனபின் 'கிளைவ்' என்று ஒரு வழிகாட்டிப் பலகை. ஊர் எங்கே என்று கேட்டேன். "ஊரெல்லாம் இல்லப்பா, குப்பை புதைக்கிற இடம். அணுக்குப்பை" என்றான். சாதாரணமாகச் சொன்னான். தெற்கே தூரத்தில் தட்டையாக ஏதோ மேடு தெரிந்த மாதிரி இருந்தது. என் கண்ணுக்கு அப்படித் தோன்றியதாகவும் இருக்கலாம்.

உப்பு வெளியில் இறங்கி நின்றபோதுதான் அந்த மலைகளைக் கவனித்தேன். சுற்றியிருக்கிற எல்லா மலையின் சரிவிலும் ரசமட்டம் வைத்துக் கோடு கிழித்தாற்போல் படிப்படியாகக் கிடைமட்டக் கோடுகள். கண்மாய் வற்றின பிறகு கரைக் கல்லில் தண்ணீர் நின்ற தடம் வெள்ளையாகத் தெரியுமே, அதே தடம். நான் நின்ற இடம் ஒரு கண்மாயின் உள்வாய்! மகனிடம் சொன்னேன், சிரித்தான். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்துவிட்டு அவனே வந்து ஒத்துக்கொண்டான். பான்வில் என்ற மாபெரும் ஏரி சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நிறைந்து நின்றிருக்கிறது. கிளைவ் இருக்கிற இடத்துக்கு மேல் 200 மீட்டருக்கும் அதிகமான தண்ணீர். அதற்கு முந்தைய பனியுகங்களிலும் அந்தப் பள்ளத்தில் ஏரிகள் வந்து வந்து வற்றியிருக்கின்றன.

ஏரிக்குள் யாராவது புதைப்பார்களா என்ற ஒரே கேள்வியோடு, அந்த மாநில அரசும் மத்திய அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் வெளியிட்ட அறிக்கைகளை மகனிடம் அச்செடுத்துத் தரச் சொல்லி மூன்று மாதம் உட்கார்ந்து படித்தேன். ஒப்பந்தக்காரர் கொடுத்த எஸ்டிமேட்டைப் படிக்கிற கண்ணோடுதான் படித்தேன், வேறு விதமாகப் படிக்க எனக்குத் தெரியாது.

முதலில் அந்த யுரேனியம் எது என்று சொல்லிவிடுகிறேன். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் அணு உலைக்கு உதவுகிற யுரேனியம்-235 என்பது 0.7 சதவீதம்தான். மீதி எல்லாம் யுரேனியம்-238. அந்த 235-ஐக் கூட்டித் திரட்டுவதைச் செறிவூட்டல் என்கிறார்கள். எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தால் செக்கில் பிண்ணாக்கு மிஞ்சுகிற மாதிரி, இதிலும் மிஞ்சுகிறது. 235 வெறும் 0.2, 0.3 சதவீதமாக இளைத்துப் போன யுரேனியம். புத்தகத்தில் 'செறிவு குறைக்கப்பட்ட யுரேனியம்' என்று போடுகிறார்கள். நான் பிண்ணாக்கு என்றே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப்போர்க் காலம் தொட்டு ஆட்டிய செக்கு என்பதால் பிண்ணாக்கு மலைபோல் சேர்ந்துவிட்டது. கென்டக்கியில் படூக்கா, ஒஹாயோவில் போர்ட்ஸ்மவுத் என்ற இரண்டு இடங்களில் சுமார் ஏழு லட்சம் டன், யுரேனியம் ஹெக்சாஃபுளூரைடு என்ற உப்பாக, பெரிய பெரிய இரும்பு உருளைகளில் திறந்தவெளியில் அடுக்கி வைக்கப்பட்டது. ஈரம் பட்டால் கண்ணாடியையே தின்கிற ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கிளம்பும் சரக்கு அது. உருளைகள் துருப்பிடிக்கத் தொடங்கியதால், அதை ஆக்சைடு தூளாக மாற்றும் ஆலைகளை இரு இடத்திலும் கட்டினார்கள். தூளாக்குவது நல்ல காரியம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. தூளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் தகராறு.

இங்கேதான் உங்கள் கட்டுரையாளர் சொன்ன 'குறைந்த கதிர்வீச்சுக் கழிவு' வருகிறது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1982-இல் இதற்கொரு விதி போட்டது. கழிவை ஏ, பி, சி என மூன்று வகுப்பாகப் பிரித்தது. ஏ வகுப்பு சாது. நூறு வருடம் வேலி போட்டுக் காவல் வைத்தால் போதும், அதற்குப் பிறகு யாராவது தெரியாமல் தோண்டினாலும் பெரிய கெடுதல் வராது என்ற எண்ணத்தில் வகுத்தது. சி வகுப்புக்கு 500 வருடம் தாங்கும் தடுப்பு வேண்டும். எந்தத் தனிமம் எவ்வளவு இருந்தால் எந்த வகுப்பு என்று இரண்டு அட்டவணை இருக்கிறது. அட்டவணையில் பெயரே இல்லாத தனிமம் என்றால்? தானாக ஏ வகுப்பு.

யுரேனியத்தின் பெயர் அட்டவணையில் இல்லை.

ஆபத்தில்லை என்று ஆராய்ந்து விட்டதல்ல அது. விதி எழுதிய காலத்தில் இந்த மாதிரிக் குழிக்கு யுரேனியம் சொற்பமாகத்தான் வரும் என்று கணக்குப் போட்டார்கள். பிண்ணாக்கு அப்போது அரசாங்கத்தின் கையிருப்பு, கழிவென்று யாரும் நினைக்கவில்லை. ஆகவே பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் இது நமக்குப் பழகின கதைதான். படிவத்தில் கட்டம் இல்லாத மனு 'இதர' என்ற கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் ஆபீஸிலேயே தடிமனான கோப்பு அதுவாகத்தான் இருக்கும்.

இதை வெறும் சாதுரியப் பேச்சாக நினைத்துவிடாமல் இருக்க ஒரு கூட்டல் கழித்தல். புளூட்டோனியம் போல ஆல்ஃபா கதிர் விடும் நீண்ட ஆயுள் தனிமங்களுக்கு அதே விதி ஏ வகுப்பில் அனுமதிப்பது ஒரு கிராம் கழிவுக்கு 10 நானோகியூரி; பெக்கரலில் 370 (விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). சி வகுப்புக்கு அதைப்போல் பத்து மடங்கு, 3,700. அதற்கு மேல் போனால் ஆழமில்லாத குழியில் பொதுவாக இடமே இல்லை. சரி, ஒரு கிராம் யுரேனியம்-238 எவ்வளவு? அதுவும் ஆல்ஃபாதான்: சுமார் 12,400 பெக்கரல். ஏ வகுப்பின் உச்சவரம்பைப்போல் 33 மடங்கு, சி வகுப்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். உடம்புக்குள் போனால் பெக்கரலுக்குப் பெக்கரல் புளூட்டோனியம் செய்கிற கெடுதலை யுரேனியம் செய்யாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது கல்பாக்கத்திலிருந்து கடிதம் போடுவார். அப்படியிருந்தும், 33 மடங்கை வரவிலும் வைக்காமல் செலவிலும் வைக்காமல் 'இதர' என்று எழுதுவது என் ஆடிட்டில் நிற்காது.

இன்னொன்று இதைவிட முக்கியம். மற்றக் கழிவெல்லாம் நாளாக நாளாகத் தணியும். சீசியம்-137 முப்பது வருடத்தில் பாதியாகும், 300 வருடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். நூறு வருடக் காவல், 500 வருடத் தடுப்பு எல்லாம் அந்தத் தணிவை நம்பிப் போட்டவை. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும். அது மெதுவாகச் சிதையச் சிதையத் தன் வாரிசுகளைப் பெற்றுக்கொண்டே போகும்: யுரேனியம்-234, தோரியம்-230, ரேடியம்-226, ரேடான். மண்ணில் இயற்கையாக இருக்கும்போது இந்தக் குடும்பம் முழுசாகக் கூடவே இருக்கிறது. ஆலையில் சுத்தம் செய்தபோது குடும்பத்தைப் பிரித்துவிட்டார்கள். ஆகவே புதுப் பிண்ணாக்கு சாதுவாகத் தெரிகிறது. குழிக்குள் போனபின் மறுபடி குடும்பம் சேர ஆரம்பிக்கும். ஆயிரம் வருடத்தில் ஒன்றும் தெரியாது. பத்தாயிரம் வருடத்தில் தலை காட்டும். ஏறி ஏறி உச்சத்துக்குப் போக ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டு ஆகும். புதைத்த அன்றைக்கு இருப்பதைவிட என்றைக்கும் கூடிக்கொண்டே போகிற ஒரு பொருளை, குறைந்துகொண்டே போகிற பொருளுக்குத் தோண்டிய குழியில் வைக்கிறோம்.

வாரிசுகளில் ரேடான் வாயு. அது மூடியிருக்கும் மண்ணின் துவாரம் வழியே மேலே வரும். ஆணையத்தின் அலுவலர்களே 2008 அக்டோபரில் கொடுத்த ஆய்வில், பெரிய அளவுப் பிண்ணாக்கை மூன்று மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் புதைப்பது எந்த நிலப்பகுதியிலும் பொருந்தாது, மழையும் நிலத்தடி நீரும் உள்ள இடங்கள் ஏற்றதல்ல, வறண்ட இடங்களில் ஆழமாகப் போட்டால் ஆகலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னால், 2005-இல், நியூ மெக்சிகோவில் வரவிருந்த ஒரு செறிவூட்டும் ஆலை வழக்கில் இதே ஆணையம், பிண்ணாக்கு குறைந்த கதிர்வீச்சுக் கழிவுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு, இவ்வளவு பெரிய அளவை விதியில் யோசிக்கவில்லையே, பாருங்கள் என்று அலுவலர்களுக்கு உத்தரவும் போட்டது. 2009-இல் விதியைத் திருத்தலாம் என்று முடிவெடுத்தார்கள், 2015-இல் வரைவு வெளியிட்டார்கள். வகுப்பை மட்டும் மாற்றவில்லை.

சரக்கு அதற்குள் புறப்பட்டுவிட்டது. 2009 டிசம்பரில் தெற்கு கரோலினாவின் சவானா ரிவர் ஆயுத வளாகத்திலிருந்து 5,408 பீப்பாய்களோடு ஒரு ரயில் கிளைவுக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு ரயில் வரவேண்டியது. யூட்டா மாநில ஆளுநர் கேரி ஹெர்பர்ட் மத்திய அரசோடு பேசி அந்த இரண்டையும் நிறுத்தினார். இதில் வேடிக்கை, யூட்டா 2005-இலேயே பி, சி வகுப்புக் கழிவு எங்கள் மண்ணுக்கு வேண்டாம் என்று சட்டமே போட்டிருந்தது. வாசலில் நின்று பி-யையும் சி-யையும் தடுத்தார்கள். பிண்ணாக்கு ஏ என்ற அட்டையைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. 2010-இல் மாநிலம் தனியாக ஒரு விதி செய்தது: ஒரு டன்னுக்கு மேல் பிண்ணாக்கு புதைக்க வேண்டுமானால், குறைந்தது பத்தாயிரம் ஆண்டு இடம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குக் காட்டு, உச்சம் வரும் காலம் வரை என்ன ஆகும் என்றும் சொல். அந்த ஆளுநரையும் விதி எழுதியவர்களையும் நான் பாராட்டுகிறேன். நம்மூரில் ஒரு குவாரிக்கு இவ்வளவு கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்.

இப்போது என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். கிளைவில் கழிவின் மேல் என்ன போடுகிறார்கள்? களிமண்ணை இறுக்கி ஒரு அடுக்கு, அதன் மேல் கல்லும் சரளையும் மண்ணும். இது எனக்கு அத்துப்படி. கரையின் வயிற்றில் கரம்பை, அலை அடிக்கும் பக்கம் கல். நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி. இரவு இரண்டு மணிக்கு, கண்மாயைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார். "ஐயா, கீழ்ச்சரிவுல தண்ணி கண்ணு தொறந்திருக்கு." டார்ச் அடித்துப் பார்த்தால், கரையடியில் என் சுண்டுவிரல் தடிமனுக்கு ஓர் ஊற்று. தெளிந்த தண்ணீர். எலி வளையா, பட்டுப்போன கருவேல வேர் உளுத்த துவாரமா, தெரியவில்லை. ஆறு மாதம் முன்புதான் அந்தக் கரைக்கு நானே அளந்து, நானே அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். மூட்டை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. தண்ணீர் தெளிவாக வந்தால் அது வெறும் கசிவு. கலங்கி வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். விடிவதற்குள் ஐந்நூறு மூட்டை மண்ணும் வைக்கோலும் போட்டு, ஊர்க்காரர்கள் தோளோடு தோள் நின்று அடைத்தோம். அடைத்த பிறகு ஒரு பெரியவர் சொன்னார்: "கரை என்னிக்கும் தானா நின்னதில்ல தம்பி, ஆளு நின்னாத்தான் கரை நிக்கும்." எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு; பொறியியல் படித்த கர்வத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்லணை ரெண்டாயிரம் வருடம் நிற்கவில்லையா என்று கேட்பார்கள். நிற்கிறது. எத்தனை பேர் எத்தனை தடவை கைவைத்து நிற்கிறது என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களைக் கேளுங்கள். குடிமராமத்து நின்றுபோன கண்மாய்கள் எத்தனை வருடத்தில் முள்காடாகின என்று எங்கள் பக்கம் வந்து கேளுங்கள். இரண்டு தலைமுறைகூட ஆகவில்லை. நூறு வருடக் காவலுக்குப் பிறகு யாரும் பார்க்காமல் பத்தாயிரம் வருடம் நிற்கும் மண்மேடு என்று ஒரு எஸ்டிமேட் என் மேஜைக்கு வந்திருந்தால், கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டே போனால் அந்த ஊர் நிபுணர்கள் மூடர்கள் என்று பொருளாகிவிடும். அவர்கள் மூடர்கள் இல்லை. மாநிலம் கேட்டபடி கிடங்குக்காரர்கள் 2011-இல் கொடுத்த கணக்கைப் படித்தபோது எனக்கு ஒரு மரியாதையே வந்தது. அதில் எறும்பு இருந்தது! அந்தப் பாலைவனத்து எறும்புப் புற்று எத்தனை ஆழம் போகும், ஒரு வருடத்தில் எவ்வளவு மண்ணை மேலே கொண்டுவரும் என்று கணக்கு. வளை தோண்டும் எலி, அணில் வகைகளுக்கு ஒரு கணக்கு. கிரீஸ்வுட் என்றொரு புதர், நம் சீமைக்கருவேலத்துக்குச் சித்தப்பா மகன் போல ஆழ வேர் விடுவது, அதற்கு ஒரு கணக்கு. என் 34 வருட சர்வீஸில் எந்த எஸ்டிமேட்டிலும் எறும்புக்கு ஒரு வரி வந்ததில்லை. வந்திருந்தால் அந்த ஐப்பசி ராத்திரி நான் தூங்கியிருப்பேன். அதே கணக்கில் ஏரியும் வருகிறது. எதிர்காலப் பனியுகத்தில் தண்ணீர் திரும்பி வந்தால் அலை மேட்டைக் கரைத்துவிடும், உள்ளே இருப்பது ஏரிச் சேற்றோடு சேற்றாகப் பரவிவிடும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பரவினால் நீர்த்துப்போகும், ஆகையால் ஆள்மேல் படும் கதிர்வீச்சு குறைவு என்பது அவர்கள் வாதம். நான் கேட்பது எளிய கேள்வி: மேடு கரையும் என்று தெரிந்துகொண்டே கட்டும் மேட்டுக்குப் பெயர் என்ன? கிடங்கா, தள்ளிவைப்பா?

இனி, அதே கட்டுரைக்கு மறுவாரம் உங்கள் வாசகர் ஒருவர் எழுதிய கடிதம். யுரேனியத்தைக் குவித்துப் புதைத்தால் பூமிக்கடியில் ஒருநாள் அணுகுண்டாக வெடிக்கும் என்று எழுதியிருந்தார். பிண்ணாக்கு வெடிக்காது. யுரேனியம்-235 சுமார் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சாதாரணத் தண்ணீரோடு எப்படிக் கலந்தாலும், ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் தொடர்வினை நடக்காது. இதில் இருப்பது 0.2, 0.3. பயப்படுவதானால் சரியான விஷயத்துக்குப் பயப்படுவோம்.

ஆனால் அவர் பயத்தில் ஒரு சிறு பொறி உண்மையும் இருக்கிறது. குறைந்த கதிர்வீச்சுக் குழிகளுக்குப் பிண்ணாக்கு மட்டும் போவதில்லை. எரிபொருள் செய்யும் ஆலைகளின் வடிகட்டி, தரை சுரண்டிய மண், சாம்பல் என்று செறிவூட்டிய யுரேனியம் ஒட்டிய பொருள்களும் போகின்றன. தூய யுரேனியம்-235 தண்ணீரோடு சரியான விகிதத்தில் கலந்து உருண்டையாக நின்றால் 800 கிராம் அளவிலேயே தொடர்வினை தொடங்கும். அதனால்தான் மாநில உரிமத்தில் 235-க்கு 350 கிராம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். மண்ணில் பரவிக் கிடந்தால் ஆபத்தில்லை. பரவிக் கிடப்பது ஓரிடத்தில் கூடினால்?

கூடுமா என்று 1990-களில் ஆணையமே ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தை வைத்து ஆராயச் செய்திருக்கிறது. ஏன் அந்தச் சந்தேகம் வந்தது என்பது எங்கள் பக்கத்துக்காரனுக்குச் சட்டென்று புரியும். காரைக்குடி, சிவகங்கைப் பக்கம் செம்பூரான் கல் தோண்டுகிறோமே, அது எப்படி வந்தது? மண்ணில் பரவியிருந்த இரும்பு தண்ணீரில் கரைந்து நகர்ந்து, காற்று பட்ட இடத்தில் படிந்து இறுகிக் கல்லானது. யுரேனியம் இதற்கு நேர் எதிர். காற்றுப் பட்ட தண்ணீரில் கரைந்து ஓடும், ஆக்சிஜன் இல்லாத இடம் வந்தால் படிந்துவிடும். குழிக்குள் ஆக்சிஜன் இல்லாத இடம் எங்கே? அழுகும் மரப்பெட்டி, காகிதம், துருப்பிடிக்கும் பீப்பாய் எல்லாம் ஆக்சிஜனைத் தின்றுவிடுமே, அங்கேதான். ஆகவே எவ்வளவு தூரம் பரப்பிப் புதைக்க வேண்டும், ஒரு சதுர அடிக்கு எவ்வளவு 235 இருக்கலாம் என்பதற்கெல்லாம் வரம்பு தேவைப்படுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1972-இல் பிரான்சில் ஓர் ஆலையில் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு யுரேனியத்தைச் சோதித்தபோது 235 கொஞ்சம் குறைந்தது. 0.7202 இருக்க வேண்டிய இடத்தில் 0.7171. யார் திருடினார்கள் என்று தேடிப் போனால், ஓக்லோ என்ற சுரங்கத்தில் இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமியே அணு உலை நடத்தியிருக்கிறது. அந்தக் காலத்தில் இயற்கை யுரேனியத்திலேயே 235 மூன்று சதவீதத்துக்கு மேல். நிலத்தடி நீர் கரைத்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்த்தது, அதே நீர் தொடர்வினையையும் ஏற்றிவிட்டது. சூடேறினால் நீர் ஆவியாகும், உலை அணையும். ஆறினால் மறுபடி நீர் வரும், உலை மூளும். வெடிக்கவில்லை. அடுப்பில் உலை கொதித்து அடங்குகிற மாதிரிப் பல லட்சம் வருடம் நடந்திருக்கிறது. இன்றைய இயற்கை யுரேனியத்தில் அது நடக்காது. ஆனால் இன்றைய எரிபொருள் ஆலையில் 235 மூன்று முதல் ஐந்து சதவீதம்; பழைய ஓக்லோவை நாமே மறுபடி செய்து கையில் வைத்திருக்கிறோம். எரிபொருள் ஆலைக் கழிவுக்குக் கிராம் கணக்கில் இவ்வளவு கவனம் காட்டத் தெரிந்தவர்கள், பிண்ணாக்கு டன் கணக்கில் வந்தபோது மட்டும் 'இதர' என்றால் எப்படி?

கிளைவுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மழை ஆண்டுக்கு எட்டு அங்குலம் அளவுதான். நிலத்தடி நீர் கடலைவிட உப்பு, ஆடுகூடக் குடிக்காது. பக்கத்தில் குடியிருப்பு இல்லை. ஒஹாயோவிலும் கென்டக்கியிலும் ஆற்றங்கரையில் கிடப்பதைவிட இது மேல் என்று என் மகன் வாதாடுகிறான். இன்றைக்கும் நாளைக்கும் பார்த்தால் அவன் சொல்வது சரி. 2014-இல் டெக்சாஸ் மாநிலம் ஆண்ட்ரூஸ் பக்கம் உள்ள இன்னொரு கிடங்குக்கு அனுமதி கொடுத்தது. 2020-இல் மத்திய எரிசக்தித் துறை, கிளைவ், டெக்சாஸ், நெவாடா மூன்றில் எங்கும் அனுப்பலாம் என்று முடிவெழுதி வைத்தது. எனவே கிளைவ் இல்லாவிட்டால் இன்னொன்று.

பிரான்சுக்காரர்கள் இதைக் கழிவென்றே சொல்வதில்லை. நாளைய எரிபொருள் என்று பெஸின் என்ற ஊரில் கொட்டகை போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. நம் கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலைக்குப் போர்வையாக வைக்கிறதும் இதே மாதிரி 235 இளைத்த யுரேனியம்தான், அதிலிருந்துதான் புளூட்டோனியம் விளைய வேண்டும். ஒரு நாட்டில் வித்து, இன்னொரு நாட்டில் குப்பை. வித்தென்றால் பூட்டிப் பாதுகாக்கட்டும். குப்பையென்றால், என் அபிப்பிராயம், மண்ணை நம்பாமல் பாறையை நம்பி ஆழமாகப் போகவேண்டும். செலவு அதிகம்தான். இருபது லட்சம் வருடத்துக்குப் பங்குபோட்டால் அவ்வளவு வராது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. 'குறைந்த கதிர்வீச்சு' என்ற சொல் அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பெயர்தான்: எரிந்து முடிந்த எரிபொருளும் அதன் உயர்நிலைக் கழிவும் யுரேனியத் தாதுவை அரைத்த ஆலைச் சக்கையும் அல்லாத மீதி எல்லாம் அந்தப் பெட்டிக்குள் விழும். தீங்கு குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை என்பதை அடுத்த தடவை ஒரு வரியில் போடுங்கள். இரண்டாவது, 5,408 பீப்பாய்களைப் பற்றிய செய்தியை அந்த ஊர்ப் பத்திரிகைகள் அப்போது பக்கம் பக்கமாக எழுதின. உங்கள் கட்டுரையாளர் அதைத் தேடிப் படித்து இன்னொரு கட்டுரை எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் பற்றாமல் சுருக்குவீர்கள், தெரியும். ஐப்பசி மழையை வெட்டினாலும் வெட்டுங்கள். எறும்பை மட்டும் விட்டுவையுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உதவி செயற்பொறியாளர், பொதுப்பணித் துறை,
சிவகங்கை